விலங்குமக்களுக்கு ஒரு வரலாறு: பினாங்குக் காட்டைப் பார்த்து ஓர் இனத்தைப் படைக்கும் முறை

பினாங்கில் சனிக்கிழமைதோறும் பதின்ம வயதினருக்கு நான் நடத்திவரும் தமிழ்க் கதை வகுப்பில், ஆண்டுக்கு ஒருவராவது புலித்தலை வீரனையோ பாம்புடல் அரசியையோ எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார். சென்ற ஆண்டு ஒரு மாணவி வாசித்த கதையில் புலிமக்களின் பேரரசு ஆயிரம் ஆண்டுகள் நிலைத்திருந்தது. கோட்டை, கொடி, பதினேழு அரசர்களின் பெயர்ப் பட்டியல் என எதற்கும் குறைவில்லை. அவர் வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "டீச்சர், இத்தனை புலிக்கும் சாப்பாடு எங்கிருந்து வருது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது; மாணவிக்குக் கோபம் வந்தது. ஆனால் பினாங்குத் தீவு முழுவதுமே ஏறத்தாழ 295 சதுர கிலோமீட்டர்தான் என்பதையும், ஒரு சில புலிகளுக்கே அது தாராளமாக இராது என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தபோது, பதினேழு அரசர்களும் ஒரே மாலையில் பட்டினியால் மாண்டுபோனார்கள்.

அந்தப் பையன் கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது. மனிதர்களுக்கு வாலும் கொம்பும் ஒட்டவைத்தால் மாறுவேடம் கிடைக்கும்; ஓர் இனம் கிடைக்காது. இனம் வேண்டுமானால் உடலிலிருந்து, அதிலும் வயிற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதைச் செய்துகாட்டுவதற்காக என் குறிப்பேட்டில் மெல்ல வளர்ந்துவரும் "முசுவர்" என்ற கற்பனை இனத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதல் படி: நேரில் பார்க்கக் கிடைக்கும் விலங்கைத் தேர்ந்தெடுங்கள்

ஓநாயையும் பனிக்கரடியையும் நாம் திரையில்தான் பார்த்திருக்கிறோம். திரையில் பார்த்ததை எழுதினால், வேறொருவர் பார்த்துத் தேர்ந்தெடுத்த காட்சிகளையே திருப்பி எழுதுவோம். 1884-இல் அமைக்கப்பட்ட நம் தாவரவியல் பூங்காவுக்குக் காலை ஏழரை மணிக்குச் சென்று பாருங்கள். அங்கே இரண்டு வகைக் குரங்குகள் உண்டு. நீண்ட வால் கொண்ட பழுப்பு நிறக் குரங்கு தரையில் நடந்து வந்து உங்கள் பையைப் பறிக்கும். கருஞ்சாம்பல் நிறமும், கண்களைச் சுற்றி மூக்குக்கண்ணாடி அணிந்ததுபோல் வெள்ளை வளையமும் கொண்ட மற்றொன்று மேலே கிளையில் அமர்ந்தபடி உங்களைப் பார்த்துக்கொண்டே இலை தின்னும். மலாய்க்காரர்கள் அதை லோத்தோங் என்பார்கள். நம் பழந்தமிழில் இத்தகைய குரங்குக்கு "முசு" என்றே ஒரு சொல் இருக்கிறது. என் இனத்தின் பெயர் அங்கிருந்துதான் வந்தது.

குறைந்தது மூன்று காலைகள் போய்ப் பாருங்கள். குறிப்பேட்டில் நீங்கள் கண்டதை ஒரு பக்கத்திலும், காண்போம் என்று எதிர்பார்த்ததை எதிர்ப்பக்கத்திலும் எழுதுங்கள். குரங்கு என்றால் சேட்டை என்ற எதிர்பார்ப்போடு போன நான், பகல் நேரத்தின் பெரும்பகுதியை அவை சும்மா உட்கார்ந்தே கழிப்பதைக் கண்டு ஏமாந்தேன். அந்த ஏமாற்றமே பின்னால் முசுவரின் நாகரிகத்துக்கு அடித்தளமாயிற்று. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எதற்கும் உணவு கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: வயிற்றிலிருந்து வழக்கத்துக்குச் செல்லுங்கள்

லோத்தோங் முக்கியமாக இலை தின்னும் விலங்கு. அதன் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது. முன்னறைகளில் வாழும் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கவைத்து, நம்மால் செரிக்க முடியாத நாரையும் உணவாக்கித் தருகின்றன. இலையில் ஆற்றல் குறைவு. செரிக்க நேரம் அதிகம். அதனால்தான் அந்த நீண்ட அமர்வு. மேலும், நன்கு பழுத்த இனிப்பான பழத்தை இத்தகைய வயிறு தாங்காது. சர்க்கரை விரைவாக நொதித்து அமிலம் பெருகிவிடும் என்பதால், அவை காயையும் விதையையும் விரும்பிக் கனிந்ததைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

இந்த உண்மைகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஆகவே" என்று எழுதிக் கேள்வி கேளுங்கள். நீண்ட நேரம் செரிக்க வேண்டும். ஆகவே முசுவருக்கு நண்பகலில் "செரிவேளை" உண்டு, அந்நேரத்தில் வழக்கு விசாரிப்பதும் விலை பேசுவதும் ஆயுதம் எடுப்பதும் குற்றம். வயிற்றுக்குள் வேறு உயிர்கள் வாழ்கின்றன. ஆகவே முசுவர் ஒவ்வொருவரும் தம்மை ஒற்றை ஆளாக நினைப்பதில்லை, "என் உள்ளூர்" என்று தம் வயிற்றைச் சொல்கிறார்கள், உண்ணுமுன் முதல் தளிரை அந்த உள்ளூருக்கு வழங்குவதாகச் சொல்லி விழுங்குகிறார்கள், கடும் பகைவரைச் சபிக்கும்போது "உன் உள்ளூர் கலையட்டும்" என்கிறார்கள். கனிந்த பழம் கொல்லும். ஆகவே இனிப்பு அவர்களுக்கு மரணத்தின் சுவை. தண்ணீர்மலையில் முருகன் திருமுன் நாம் கையேந்தி வாங்கும் பஞ்சாமிர்தத்தை ஒரு முசுவன் கண்டால், இவ்வளவு பேருக்கு ஒரே நாளில் தண்டனையா என்று நடுங்கிப்போவான். ஒரு மனிதர் அன்போடு வாழைப்பழச் சீப்புடன் முசுவர் வீட்டு வாசலில் போய் நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு காட்சியிலேயே ஒரு சிறுகதை இருக்கிறது.

உருவ அளவையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஏழு கிலோ எடையுள்ள குரங்கைத் தாங்கும் நுனிக்கிளை எழுபது கிலோ ஆளைத் தாங்காது. மனித உயரம் கொடுத்தால் அவர்கள் மரத்தைவிட்டு இறங்க வேண்டியிருக்கும். இறங்கினால் வேறு இனமாகிவிடுவார்கள். நான் முசுவரை இருபது கிலோவுக்கு மேல் வளர விடவில்லை.

மூன்றாம் படி: கருப்பொருள் பட்டியலை நிரப்புங்கள்

கற்பனை உலகம் அமைப்பதற்கான கேள்விப் பட்டியல்களைத் தேடிப் பலரும் அலைகிறார்கள். தொல்காப்பியத்தின் அகத்திணையியல் அதை எப்போதோ கொடுத்துவிட்டது: நிலமும் பொழுதும் முதற்பொருள், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள், அவற்றின் நடுவே மனம் கொள்ளும் ஒழுக்கம் உரிப்பொருள். இந்தப் பட்டியலின் சிறப்பு, ஒன்று மாறினால் மற்றவையும் மாற வேண்டும் என்று அது நம்மைக் கட்டாயப்படுத்துவதுதான்.

முசுவருக்கு நிலம், கொடிமலை என்று நாம் அழைக்கும் பினாங்கு மலையின் காட்டு மேற்பரப்பு. தரை அவர்களுக்குக் கடல்போல. தேவையிருந்தால் இறங்கலாம், வாழ முடியாது. தெய்வம் "உள்ளறையாள்": நஞ்சு கலந்த இலையையும் வயிற்றுக்குள் உணவாக மாற்றித் தருபவள், கோயில் இல்லாதவள், ஏனெனில் ஒவ்வோர் உடலும் அவள் கோயிலே. பறை, பெருமரங்களின் அடியில் பலகைபோல் விரிந்து நிற்கும் வேர். அதைக் கட்டையால் அறைந்தால் ஓசை பள்ளத்தாக்கைத் தாண்டும், ஆனால் அதற்குத் தரைக்கு இறங்க வேண்டும் என்பதால் பறையறைதல் துணிச்சலுள்ளவர் தொழில். பறவை, இருவாட்சி. அது அத்திப்பழத்தைக் கனியக் கனிய விழுங்கும் பறவையாதலால், முசுவர் கண்ணுக்கு அது நஞ்சுண்டும் சாகாத ஒன்று; சாவு வீட்டின்மேல் இருவாட்சி பறந்தால் இறந்தவரை அழைத்துப்போக வந்திருக்கிறது என்பார்கள். அந்த மலையில் பறவையை வேறு எங்கிருந்தும் நான் தேட வேண்டியிருக்கவில்லை. உணவு விதி அதைத் தானாகவே கொண்டுவந்து நிறுத்தியது.

யாழுக்கு என் பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. பட்டியல் முழுவதையும் ஒரே நாளில் நிரப்ப வேண்டியதில்லை.

நான்காம் படி: பிறப்பையும் வளர்ப்பையும் நின்று நிதானமாக எழுதுங்கள்

எந்தப் பண்பாடும் தன் குழந்தையை எப்படித் தூக்குகிறது என்பதில் வெளிப்படும் என்று நம்புகிறேன். ஆகையால் இந்தப் படிக்கு மற்றவற்றைவிட அதிக நாள்களைக் கொடுங்கள்.

லோத்தோங் குட்டி பிறக்கும்போது பொன்னிறமாக இருக்கும். கரிய தாயின் மார்பில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு உருவம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பூங்காவில் முதன்முறை பார்ப்பவர்கள், அது வேறு விலங்கின் குட்டி என்றே நினைப்பார்கள். ஏறத்தாழ ஆறு மாதத்துக்குள் நிறம் மாறிச் சாம்பலாகிவிடும். அதுவரை கூட்டத்தின் மற்றப் பெண்களும் அந்தக் குட்டியை வாங்கித் தூக்கிச் சுமப்பார்கள்.

இதிலிருந்து எழுந்தவை முசுவரின் உறவுமுறைகள். பொன்னிறம் இருக்கும்வரை குழந்தை ஒருவருக்கும் தனியுரிமை இல்லாத "பொன்மகவு". அதற்குப் பெயர் இடமாட்டார்கள். பொன்மகவின் கண்ணெதிரே சண்டையிடக் கூடாது என்பது அவர்களுடைய மிகப் பழைய சட்டம். எனவே பகைவர் எல்லைக்குத் தூது போகிறவர் வெள்ளைக்கொடி பிடிப்பதில்லை. பொன்மகவை ஏந்திச் செல்கிறார். முழுவதும் சாம்பலான நாளில் "நிறந்திரி விழா" நடக்கும், அன்றுதான் பெயர் வைப்பார்கள். பெற்றவளுக்கும் சுமந்தவர்களுக்கும் "ஏந்தினவள்" என்ற ஒரே சொல்தான், முசுவர் ஒருவரையொருவர் முதன்முதலில் சந்திக்கும்போது "உன்னை ஏந்தினவர் எத்தனை பேர்?" என்று கேட்பார்கள். பன்னிரண்டு என்று சொல்பவருக்கு மரியாதை. ஒன்று என்று சொல்பவரிடம் அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை.

சொல்வளத்துக்கு இங்கே நமக்குப் பஞ்சமில்லை. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தொல்காப்பிய மரபியல் வரிசைப்படுத்துகிறது; குரங்கு, முசு, ஊகம் ஆகியவற்றின் பெண்ணை மந்தி என்று அழைக்கலாம் எனவும் அதுவே கூறுகிறது. நான் "மகவு" என்பதைப் பொன்னிறக் குழந்தைக்கும், "பறழ்" என்பதை நிறம் திரிந்த சிறாருக்கும் ஒதுக்கிக்கொண்டேன். குறுந்தொகையின் 69-ஆம் பாடலில், துணையை இழந்த மந்தி ஒன்று, மரமேறும் தொழிலை இன்னும் கல்லாத தன் பறழைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. குட்டியைச் சுற்றத்தார் ஏற்று வளர்ப்பார்கள் என்ற நம்பிக்கையை ஒரு குரங்குக்குக் கொடுத்த புலவர், விலங்குமக்களை நமக்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

ஐந்தாம் படி: வரலாற்றை ஒரு சண்டையாக எழுதுங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். வரலாறு என்றதும் அரசர் பெயரும் போர் ஆண்டும் கொண்ட அட்டவணையைப் போட்டுவிடுகிறார்கள். வாழும் மக்களின் வரலாறு அட்டவணையாக இருப்பதில்லை. நடந்தது ஒன்றாக இருக்க, அதை இரு தரப்பார் இரு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதே வரலாறாக நிற்கிறது.

முதலில் காலத்தை அளக்கும் கோலை முடிவு செய்யுங்கள். நம் வட்டாரக் காடுகளின் பெருமரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு முதல் பத்து ஆண்டுகள்வரை ஒழுங்கற்ற இடைவெளியில், திடீரென்று ஒரே பருவத்தில் காடு முழுவதும் சேர்ந்து பூக்கும். முசுவர் இதைப் "பெரும்பூ" என்று சொல்லிக் காலத்தை எண்ணுகிறார்கள். ஒரு பெரும்பூவுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சமமாக இல்லாததால், "ஐந்து பெரும்பூ கண்டவர்" என்றால் இருபது வயதாகவும் இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம். மனிதப் பாத்திரம் ஒன்று அவர்களிடம் "எத்தனை ஆண்டுகளுக்கு முன்?" என்று கேட்கும்போதெல்லாம் கதையில் ஒரு சிக்கல் இலவசமாகக் கிடைக்கிறது.

பிறகு மூன்றே மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மேல் வாசகருக்கு நினைவில் நிற்காது.

முதலாவது, தோற்றம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பினாங்கு அப்போது தீவாக இல்லை, பெருநிலத்தோடு சேர்ந்த மலையாக இருந்தது. முசுவர் இதைக் "கடல் காடாயிருந்த காலம்" என்கிறார்கள். தம் முன்னோர் இன்று கப்பல்கள் நிற்கும் இடத்தின்மேல் கிளை விட்டுக் கிளை தாவி வந்தார்கள் என்பதும், பின்னால் ஏந்தினவர்கள் பாதிப் பேர் நீருக்கு அப்பால் நின்றுவிட்டார்கள் என்பதும் அவர்கள் பாடல். கடல்கோள் கதைகளைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த இடம் உடனே பிடிபடும் என்பதால், இங்கே மிகையாகப் புலம்ப வேண்டாம். இரண்டு வரி போதும்.

இரண்டாவது, பிளவு. தாவும் தூரத்தைவிட அகலமான ஒரு சாலை காட்டின் நடுவே வந்தது. இது வெறும் கற்பனையன்று. பினாங்கின் தெலுக் பஹாங்கில் லோத்தோங்குகள் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடாமல் இருப்பதற்காக, பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு 2019-இல் ஒரு தொங்குபாலம் கட்டப்பட்டிருக்கிறது. அவை அதில் ஏறிக் கடக்கின்றன. என் கதையில் பாலம் வர மூன்று பெரும்பூக் காலம் ஆகிறது. அதற்குள் கிழக்காரும் மேற்காரும் இரு மக்களாகிவிடுகிறார்கள். அந்த நாளைப் பற்றிக் கிழக்கார் சொல்வது இது: "மரம் விழத் தொடங்கியதும் வேர்ப்பறை அறைந்தோம். மேற்கார் எழுந்து வரவில்லை. வயிறு நிறைந்தவருக்குச் சுற்றத்தின் குரல் கேட்காது." மேற்கார் சொல்வது இது: "செரிவேளையில் பறை ஒலித்தது. செரிவேளையில் பறை அறைபவர் சுற்றத்தார் ஆகார் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவர்களே கிழக்கார்தான்." இரண்டும் உண்மை. இரண்டாம் படியில் நாம் உருவாக்கிய வழக்கமே இங்கே குற்றத்தின் காரணமாகிவிட்டதைக் கவனியுங்கள். வழக்கங்கள் இப்படி வரலாற்றில் வந்து வினை புரியாவிட்டால் அவை வெறும் அலங்காரம்.

மூன்றாவது, காயம். பாலம் வந்தபின் சமாதானம் பேச மேற்கார் ஒரு பொன்மகவைத் தூதாக அனுப்பினார்கள். ஐந்து மாதக் குழந்தை. பாதி பொன், பாதி சாம்பல். அதன் கண்ணெதிரே ஒருவர் கல்லெறிந்தார். சட்டம் மீறப்பட்டதா? பொன்மகவு எந்த நொடியில் பொன்மகவாக இல்லாமல் போகிறது என்று அதுவரை ஒருவரும் வரையறுத்ததில்லை. முசுவரின் நீதிநூல்கள் அனைத்தும் அந்த ஒரு குழந்தையின் மேனியைப் பற்றிய வாதங்களே. அந்தக் குழந்தைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எந்த நூலும் சொல்வதில்லை என்பது என் முடிவு. அதைச் சொல்ல ஒரு நாவல் வேண்டும்.

ஆறாம் படி: பேச்சில் மனித உடல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று சோதியுங்கள்

எழுதியதை எடுத்து ஒவ்வொரு மரபுத்தொடரையும் பிடித்துக் கேளுங்கள். "தலைகீழாகிவிட்டது" என்று முசுவர் வருந்துவார்களா? அவர்கள் பாதி நேரம் தலைகீழாகத்தான் இருக்கிறார்கள். "காலூன்றினான்" என்பது அவர்களிடம் புகழா, இகழா? தரையில் காலூன்றியவன் வீழ்ந்தவன். "கனிவாகப் பேசினாள்" என்ற நம் அருமையான சொல், கனியை நஞ்சாகக் கருதுகிறவர்களிடம் கொலை மிரட்டலாகிவிடும். அதற்கு நான் "தளிராகப் பேசினாள்" என்று வைத்திருக்கிறேன். இப்படிப் பத்துத் தொடர்கள் இருந்தால் போதும். நூறு வைத்தால் வாசகர் அகராதியைத் தேடுவார். வாயில் நுழையாத மெய்யெழுத்துக் கூட்டங்களால் பெயர் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

ஏழாம் படி: அண்டை இனத்தாரை அமையுங்கள், ஆனால் மனிதச் சமூகங்களை நகலெடுக்காதீர்கள்

மலேசியாவில் எழுதுகிறவர்களுக்கு இது கூடுதல் எச்சரிக்கை. நாம் மூன்று விலங்கினங்களை ஒரே தீவில் வைத்த உடனேயே, வாசகர் எது யார் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார். வணிகம் செய்யும் இனம், ஆட்சி செய்யும் இனம், தோட்டத்தில் உழைக்கும் இனம் என்று பிரித்துவிட்டால், நீங்கள் என்ன மறுத்தாலும் அது உருவகக் கதையாகவே வாசிக்கப்படும். உருவகம் என்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை, உயிருள்ள மக்களை ஒரே குணத்துக்குள் அடைத்த குற்றமும் சேர்ந்துவிடும். ஓர் இனத்துக்கு ஒரே குணம் கொடுக்காதீர்கள். கிழக்கார், மேற்கார் பிளவைப்போல் ஒவ்வோர் இனத்துக்குள்ளும் குறைந்தது ஒரு தீராத வழக்காவது இருக்கட்டும். நிற வேறுபாட்டை உயர்வு தாழ்வாக்கும் ஆசை வந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். முசுவரில் பொன்னிறம் பருவம் மட்டுமே, பிறப்புரிமை ஆகாது.

அண்டை இனத்தையும் உடலிலிருந்தே எடுங்கள். டுரியான் பூ இரவில் விரியும். தேன் குடிக்க வரும் வாவல்கள்தாம் அதன் மகரந்தத்தைச் சுமக்கின்றன. ஆகவே டுரியான் தோட்டங்கள் உள்ள பாலிக் பூலாவ் பக்கத்து வாவல்மக்கள் இரவில் விழித்திருப்பவர்கள், இனிப்பால் வாழ்பவர்கள், எல்லாவற்றையும் தலைகீழாகத் தொங்கியே பேசுபவர்கள். பகலில் விழித்திருக்கும் முசுவரும் இவர்களும் சந்திக்கக் கூடிய ஒரே நேரம் அந்தி. பினாங்கின் அந்தியோ அரைமணி நேரம்கூட நிற்பதில்லை. அதனால் இரு இனத்துக்கும் இடையிலான ஒப்பந்தங்கள் எல்லாம் மிகச் சுருக்கமானவை, பெரும்பாலும் பாதியில் நிற்பவை. ஒருவர் உணவு மற்றவருக்கு நஞ்சு என்பதால் திருட்டு இல்லை, விருந்தும் இல்லை.

எட்டாம் படி: பெரும்பகுதியை மறைத்து வையுங்கள்

இவ்வளவையும் முன்னுரையாக எழுதி வாசகர் தலையில் கொட்டிவிடாதீர்கள். ஒரு காட்சியை மட்டும் எழுதிப் பாருங்கள்: நண்பகல், மழை வரப்போகிறது, ஒரு கிழக்குப் பறழ் பாலத்தின் நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறது, மேற்கில் எல்லாரும் செரிவேளையில் இருக்கிறார்கள். செரிவேளை என்றால் என்ன என்று விளக்காமல், யார் எழுந்திருக்கிறார், யார் எழவில்லை, எழுந்தவரை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். பிறகு முசுவரைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் அதைக் கொடுத்து, இந்த மக்களுக்கு எது பாவம் என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் காட்சி போதும். சொல்லாவிட்டால் விளக்கத்தைக் கூட்டாமல் காட்சியையே மாற்றுங்கள்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை விடை கிடைக்காத கேள்விகளுக்காக விட்டுவையுங்கள். என்னுடையதில் இப்போது மூன்று இருக்கின்றன. முசுவர் தம் இறந்தவர்களை எங்கே வைக்கிறார்கள்? நீருக்கு அப்பால் நின்றுவிட்ட ஏந்தினவர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் அக்கரையில் இருக்கிறார்களா? மூன்றாவது, அந்தப் பின்வரிசைப் பையன் சென்ற வாரம் கேட்டது: இனிப்பே சாவு என்றால், டுரியான் பருவத்தில் காடு முழுவதும் அந்த வாசனை வீசும்போது அவர்கள் எப்படித் தூங்குகிறார்கள்?